டிரைவர் ஏறாத லேப்டாப்

அக்கா வீட்டில் அவனுக்குச் சுதந்திரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, மாமா வைத்தது. கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துவது அவனுடைய வேலை. ஆனால் வாயைத் திறந்தால் லினக்ஸ்தான், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்கிற இலவச சிஸ்டம். காசு கொடுக்க வேண்டாம், வைரஸ் தொல்லை கிடையாது, எந்தக் கம்பெனிக்காரனும் நம் கம்ப்யூட்டருக்குள் மூக்கை நுழைக்க முடியாது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மொத்தத்தில் மனுஷனுக்குச் சுதந்திரம் என்று அவன் ஆரம்பித்தால், சாப்பிட உட்கார்ந்தவர்கள் கை காய்ந்து போகிற வரை எழுந்திருக்க முடியாது. அவன் படியிறங்குவது ஜன்னலில் தெரிந்தாலே, "சுதந்திரம் வந்தாச்சு" என்று மாமா உள்ளே குரல் கொடுப்பார். கேலிதான். ஆனாலும் அவனுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை உண்டு.

அன்றைக்கு அவன் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சட்டைப் பையில் ஒரு பென் டிரைவோடு அந்தப் படிகளில் இறங்கியபோது உள்ளிருந்து எந்தக் குரலும் வரவில்லை. தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிற வீடு அது. ஜன்னலில் போகிற வருகிறவர்களின் கால்கள்தான் தெரியும். முன்னறையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாமா லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்டர்வியூ நான்கு மணிக்கு. மத்தியானச் சாப்பாடு ஆனதுமே தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.

மாமா பாடப் புத்தகங்கள் அச்சடிக்கிற ஒரு நிறுவனத்தில் பக்கம் வடிவமைக்கிறவராக இருந்தார். தலை நரைக்கிற வரை ஒரே நாற்காலி. போன வருஷம் அந்த இடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஏறி இறங்காத வாசல் இல்லை. எல்லா இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஷிஃப்ட் பார்ப்பதால் அடுப்பு எரிகிறது. இப்போது ஒரு சின்னப் பதிப்பகம் கூப்பிட்டிருக்கிறது. வீடியோவில் பேசுவார்களாம். அவர் செய்த பக்கங்களை அவருடைய கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டச் சொல்வார்களாம். ஆகவே ஃபோனில் பேசிச் சமாளிக்க முடியாது. அந்த லேப்டாப்பில் நெட் வந்தே ஆக வேண்டும். வரவில்லை.

வராமல் போனதற்குக் காரணம் யார் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. சுதந்திரம்தான். அந்த லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். இரண்டு நாளைக்கு முன்னால், முக்கியமான வேலைக்கு முன் சிஸ்டத்தைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது என்று ஃபோனில் அவன்தான் யோசனை சொன்னான். பழைய கெர்னல் கிடந்தால் இடத்தை அடைக்கும், துடைத்துப் போடுங்கள் மாமா என்று அதற்கான கட்டளையையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தான். கெர்னல் என்பது சிஸ்டத்தின் உள் எஞ்சின். மாமா பிழை திருத்தம் பார்க்கிற கவனத்தோடு எல்லாவற்றையும் தட்டினார். புது எஞ்சின் வந்தது, பழையது போனது. பழையதோடு ஒட்டிக்கொண்டிருந்த வயர்லெஸ் டிரைவரும் போயே போய்விட்டது. லேப்டாப்புக்குள் இருக்கிற வயர்லெஸ் அட்டைக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் நின்று பேசிக் கொடுக்கிற ஆள்தான் டிரைவர். ஆள் இல்லை, பேச்சும் இல்லை. கேபிள் மாட்டிக்கொள்ளலாம் என்றால், மெலிதாக இருக்க வேண்டும் என்ற அழகுக்காக அந்த லேப்டாப்பில் அதற்கான துளையையே வைக்கவில்லை.

"பத்து நிமிஷ வேலை மாமா" என்றான் சுதந்திரம்.

டிரைவரைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தான். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை கொடுத்தான். வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. நடுவில் ஒரு பெட்டி வந்து ஏதோ நீளமாகச் சொல்லி, ஒரு பாஸ்வேர்டு கேட்டது. இந்த சிஸ்டம் எதற்கெடுத்தாலும் பாஸ்வேர்டு கேட்கும், அது அதன் சுபாவம் என்று படிக்காமலே எதையோ இரண்டு முறை தட்டி ஓகே கொடுத்தான். எல்லாம் முடிந்தது, ரீஸ்டார்ட் செய்யவும் என்று கடைசி வரி வந்தது. பார்த்தீர்களா என்பதுபோல் மாமாவைப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தான். பழைய ஹார்டு டிஸ்க். அணைந்து எழுந்து வர அது தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குள் மாடியில் வீட்டுக்கார அம்மாவிடம் போய் வைஃபை பெட்டியில் விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினான். அந்த நெட்டைத்தான் இரண்டு வீடும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

விளக்கெல்லாம் எரிந்தது. கீழே வந்தான். லேப்டாப்பும் எழுந்து உட்கார்ந்திருந்தது. வயர்லெஸ் குறியை மட்டும் காணோம்.

இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்று முதலில் அவன் தைரியமாகத்தான் இருந்தான். அட்டை இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றது. டிரைவர் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றது. அப்படியானால் ஏற்று என்று கட்டளையிட்டான். அனுமதியில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெண் தயார், மாப்பிள்ளை தயார், தாலி கட்டக்கூடாது என்று மட்டும் யாரோ சொல்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. நிர்வாகி என்ற முழு அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிற தனக்கே யார் அனுமதி தர வேண்டும்? இவ்வளவு நாளும் இந்த சிஸ்டத்தில் நாம்தான் ராஜா என்று மார்தட்டியவனிடம் அது இப்படி ஒரு கேள்வியை வைத்திருந்தது.

டிரைவரை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டான். அதே சரசரப்பு, அதே பெட்டி, அதே பாஸ்வேர்டு. ரீஸ்டார்ட் கொடுத்தபோது அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். டீ என்றாள். டீயோடு விசாரணையும் இருந்தது.

சரியாகிவிடுமா என்று அக்கா தணிந்த குரலில் கேட்டாள். ஆகிவிடும் என்றான். போன தடவைகளில் இவர் எங்கே கோட்டை விட்டார் தெரியுமா என்று அவளே தொடர்ந்தாள். வேலை தெரியாமல் இல்லையாம். கேள்வி கேட்டவுடன் பதில் வராதாம் இவருக்கு. கேட்கிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம், அதில் இருக்கிற கொஞ்சமும் ஓடிப்போய்விடுமாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது முழுப் பதிலையும் கடகடவென்று அவளிடம் சொல்வாராம். வர வர அந்தச் செருப்புச் சத்தத்தையே கேட்கப் பிடிக்கவில்லை என்றாள். இந்த வேலையும் போனால் இனி எங்கேயும் போகமாட்டேன் என்று நேற்று சொல்லிவிட்டாராம். சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள் என்பதுதான் அவளுடைய பயம்.

சுதந்திரம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனான். லேப்டாப் எழுந்திருந்தது. குறி இல்லை. மாமா கையைக் கட்டிக்கொண்டு, கோயில் வாசலில் நடை திறக்கக் காத்திருக்கிறவரைப் போலப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். ஏதாவது வந்ததா மாமா என்று கேட்டான். ஒன்றும் வரவில்லையே மாப்ளே என்றார்.

ஃபோனை எடுத்து இணையத்தில் தேடினான். இதே அட்டை, இதே கோளாறு என்று உலகமே அழுதுகொண்டிருந்தது. ஒருவன் பேட்டரியைக் கழற்றி மாட்டு என்றான். ஒருவன் சிஸ்டம் அமைப்பில் நாட்டை மாற்று என்றான். இன்னொருவன் அந்த அட்டைக் கம்பெனியைத் திட்டி மூன்று பக்கம் எழுதியிருந்தான், அதற்குக் கீழே இருவர் கொள்கைச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒரு புண்ணியவான், சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டான். எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை கிடையாது. கையில் கிடைத்தால் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறுக்குவழி ஒன்று இருப்பது அவனுக்கு அப்போதே தெரியும். மாமாவுடையது பட்டன் ஃபோன், அவனுடையது கேபிள் வழியாக நெட் கொடுக்காது, ஆனால் அக்காவின் ஃபோன் கொடுக்கும், அதில் வைஃபை வருகிறது. சார்ஜ் கேபிளால் அதை லேப்டாப்பில் மாட்டினால், அந்த நெட் இதற்கும் வந்துவிடும். டிரைவரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஆனால் அந்த ஃபோனின் துளை லொடலொடவென்று ஆடும், பேச்சின் நடுவில் அறுந்துபோகும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டான். காரணம் அதுவல்ல. இவ்வளவு பேசிவிட்டுக் கடைசியில் ஒரு ஃபோனைக் கட்டி இழுத்தால், இந்த வீட்டில் இனி எந்த முகத்தோடு லினக்ஸ் என்று சொல்வது? சரிசெய்தேன் என்று எழுந்திருக்க வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவன் தன்னுடைய இன்டர்வியூவுக்குப் படித்துக்கொண்டிருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தடவையும் போட்டான். மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது. ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, விவரம் தெரிந்த ஒரு நண்பனைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று தெருவுக்குக் கிளம்பினான். சிக்னல் தெருவில்தான் கிடைக்கும். இரண்டு படி ஏறிய பிறகுதான் ஃபோன் கையில் இல்லை, மேஜை மேலேயே இருக்கிறது என்பது உறைத்தது. திரும்பினான்.

வாசலிலிருந்து பார்த்தபோது லேப்டாப் திரை நீலமாக இருந்தது. இதற்கு முன் அவன் பார்த்தே இராத நீலம். நடுவில் ஒரு பெட்டி, அதில் இரண்டு மூன்று வரிகள், மேலே விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. மாமா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு அதை வரி வரியாகப் படித்தார். படித்து முடித்து, நிதானமாக விரலை நீட்டி எண்டரை அமுக்கினார். நீலம் மறைந்தது. லேப்டாப் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்திருக்க ஆரம்பித்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

சுதந்திரத்துக்கு முதலில் எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது, அடுத்த நொடி ஒன்றும் புரியவில்லை. வெளியிலிருந்து வருகிற டிரைவர் எதுவானாலும், சொந்தக்காரர் நேரில் உட்கார்ந்து சரி என்று சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்று ஒரு பூட்டு சில லேப்டாப்களில் உண்டு. தன்னுடைய கம்ப்யூட்டரில் அவன் அதை என்றைக்கோ அணைத்துவிட்டான், அதனால் அந்தத் திரையை அவன் கண்டதே இல்லை. அந்தப் பாஸ்வேர்டு இதற்குத்தான். பெட்டியில் முதல் வரி, அப்படியே தொடர்க. இரண்டாம் வரி, புதிய சாவியைப் பதிவு செய்க, அதாவது டிரைவரை உள்ளே விடுக. மாமா ஒவ்வொரு தடவையும் முதல் வரியை அமுக்கியிருக்கிறார். அது சரி. ஆனால் ஒன்றும் வரவில்லையே என்று ஏன் சொன்னார்? காற்புள்ளி இடம் மாறினாலே கண்டுபிடிக்கிற மனுஷர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்த பிறகும் எப்படித் தவறான வரியை அமுக்குவார்?

"மாமா, அந்தத் திரை இதுக்கு முன்னாடியும் வந்துச்சா?"

மாமா திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"முதல் தடவை பயத்துல அமுக்கினேன் மாப்ளே. நம்பர் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, வெடிச்சுடப் போகுதுன்னு நினைச்சேன். அடுத்த தடவை படிச்சுட்டுத்தான் அமுக்கினேன்."

"படிச்சுட்டா?"

"எல்லா இடத்துலயும் என்னாலதான் போச்சு. இது ஒண்ணாவது நெட்டால போச்சுன்னு இருக்கட்டுமேன்னு தோணிச்சு. உனக்குத்தான் வீண் அலைச்சல். மன்னிச்சுக்கோ."

அவர் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். சுதந்திரத்துக்கு அவர் மேல் கோபம் வந்தது, வந்த வேகத்தில் வெட்கமாக மாறிவிட்டது. ஒரு பிற்பகல் முழுக்க இரண்டு ஆம்பளைகள் ஒரு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தலையைத் தூக்கினால் சமையலறை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, முகத்திலேயே இருந்தது.

மறுபடி போட நேரம் இருக்கிறதா என்று அவள் தம்பியைக் கேட்டாள். மணி நான்காகப் பத்து நிமிடம். இந்த டிஸ்க் அணைந்து எழுவதற்குள் அவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றான்.

"என் ஃபோன்ல நெட் வருதே. அதை இதுக்குக் குடுக்க முடியாதா?"

"முடியும்" என்றான் சுதந்திரம். அவனுடைய குரல் அவனுக்கே கேட்கவில்லை.

இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். சின்ன வயசிலிருந்து அவளிடம் வாங்கிய அடிகளெல்லாம் அந்தப் பார்வைக்கு உறைபோடக் காணாது. உள்ளே போய் ஃபோனையும் கேபிளையும் எடுத்து வந்தாள்.

மாட்டினான். நெட் வந்தது, உடனே போனது. துளை ஆடியது. கேபிளின் முனையை விரலால் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் வந்தது, விட்டால் போனது. ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தான், டேப் ஒட்டிப் பார்த்தான், ஃபோனுக்கு அடியில் தீப்பெட்டியைக் கொடுத்துப் பார்த்தான். மனுஷ விரலுக்குத்தான் அது கட்டுப்பட்டது. அறுந்தால் எந்தப் பொத்தானை மறுபடி தட்ட வேண்டும் என்று அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு ஒரு போர்வையை மடித்துப் போட்டு, ஃபோனைக் கேபிளோடு எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்து உட்கார்ந்துவிட்டாள். கேமராவுக்குத் தெரியாத இடம்.

"நீ எதுக்கு?" என்றார் மாமா. "தம்பி பிடிக்கட்டும்."

"நான்தான் பிடிப்பேன்." அடியிலிருந்து அவள் குரல் வந்தது. "நல்லாக் கேட்டுக்குங்க. நீங்க பாட்டுக்குப் பேசுங்க. வேலை கிடைக்கலன்னா நான்தான் கையை எடுத்துட்டேன்னு வெச்சுக்குங்க. உங்க மேல எதுவும் இல்ல."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லேப்டாப் மணியடித்தது.

அந்தப் பக்கம் ஓர் அம்மாள், ஓர் இளைஞர். சுதந்திரம் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பக்கங்களைக் காட்டச் சொன்னார்கள். மாமா காட்டினார். படத்தை ஏன் இடப்பக்கம் வைத்தீர்கள் என்றார்கள். சொன்னார், கொஞ்சம் திக்கினாலும் சொல்லிவிட்டார். நெட் ஒருமுறைகூட அறவில்லை. பரவாயில்லையே என்று சுதந்திரம் மூச்சு விட்ட நேரத்தில் அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். புத்தகம் முழுக்கப் பக்கம் போட்டாகிவிட்டது, நாளைக் காலை அச்சு, ஆசிரியர் நடுவில் ஒரு பத்தி சேர்க்கிறார், பின்னால் எல்லாப் பக்கமும் நகர்கிறது, முதலில் எதைத் தொடுவீர்கள்?

மாமா அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வேலையைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தார், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் இப்போது அவருக்கு வாய் திறக்கவில்லை. அந்த இளைஞர் குனிந்து எதையோ குறித்துக்கொள்வது திரையில் தெரிந்தது.

அப்போது படம் உறைந்தது. அம்மாளின் கை பாதியில் நின்றது. நெட் போய்விட்டது.

போச்சு, கேபிள் நழுவிவிட்டது என்று சுதந்திரம் பதறிக்கொண்டு மேஜையடிக்குத் தவழ்ந்தான். அக்கா உட்கார்ந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விரல் கேபிளிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. பிடி என்று அவன் சைகை காட்டினான். அவள் மறு கையால் அவனை இரு என்றாள். அவன் குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அங்கிருந்து அவளுக்கு மாமாவின் பாதங்கள் மட்டும்தான் தெரியும், அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை விரல்கள் இரண்டும் உள்பக்கம் மடங்கித் தரையை இறுக்கிப் பிடித்திருந்தன.

மேலே மாமா யாருமில்லாத திரையிடம் முணுமுணுத்தார். பொருளடக்கம் என்றார். இல்லை, அதற்கு முன்னால் என்றார். ஒரு நீண்ட மூச்சு வந்தது. தரையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, பாதம் தரையில் படிந்தது.

அக்கா கேபிளை அழுத்தினாள், பொத்தானைத் தட்டினாள்.

படம் வந்தது. கேட்குதா சார் என்று அந்த இளைஞர் கேட்டார். இங்க நெட் கொஞ்சம் சரியில்லைங்க, மன்னிக்கணும் என்றார் மாமா. அம்மாள் கேள்வியை மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.

"வேண்டாங்க, கேள்வி ஞாபகமிருக்கு" என்று மாமா பதில் சொல்லத் தொடங்கினார். முதலில் அந்த அத்தியாயத்துக்குள்ளேயே எங்கே ஒரு வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்ப்பேன் என்றார், படத்தின் அளவைக் கடைசியில்தான் தொடுவேன் என்றார், சொல்லிக்கொண்டே போனார். மேஜைக்கு அடியில் அக்கா விரலை எடுக்காமல், மரத்துப்போன காலை மட்டும் மாற்றி மடித்துக்கொண்டாள்.